இரண்டு சம்பளமும் ஒரு வீடும்

அன்புள்ள ஐயா,

திருமணமாகி இரண்டாண்டுகள் ஆகின்றன. கும்பகோணத்தில் கணக்காளராக 35,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். தனியார் பள்ளி ஆசிரியையான மனைவிக்கு 23,000. வாடகை 8,000. கையிருப்பு 6 லட்சம். ஊருக்கு வெளியே 32 லட்சத்துக்கு ஒரு புது வீடு அமைந்திருக்கிறது. வங்கி 90 சதவீதம் கடன் தருகிறது. குறைவதற்கு நகையை அடகு வைக்கலாம் என்கிறார் மாமனார். துணியலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

வங்கி சொல்லும் 90 சதவீதம், 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் உச்சவரம்பு. பத்திரச் செலவு அந்தக் கணக்கில் வராது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதால், 32 லட்சத்துக்கு அதுவே 2,88,000 ரூபாய் ஆகிறது. கடன் போக நீங்கள் போடவேண்டிய 3,20,000 ரூபாயைச் சேர்த்தால் 6,08,000. பத்திரம் பதிந்த அன்றே கை காலியாகிவிடும். பால் காய்ச்சவும், ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கவும் நகைதான் அடகுக்குப் போகவேண்டியிருக்கும். நகைக்கடனுக்கும் வட்டி உண்டென்பதை மாமனார்கள் ஏனோ சொல்வதில்லை.

28,80,000 ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 25,000 ரூபாய். இருவர் சம்பளத்தில் கட்டிவிடலாம். குழந்தை பிறந்து உங்கள் மனைவி ஓராண்டு சம்பளமில்லாமல் வீட்டிலிருக்க நேர்ந்தால், தவணை போக மிஞ்சும் 10,000 ரூபாயில் அரிசி, பால், மருந்து, பெட்ரோல் எல்லாம் அடங்கவேண்டும். எந்த மாதம் ஒரே சம்பளம் வருமோ அந்த மாதத்துக்குத்தான் பட்ஜெட் போடவேண்டும்.

ஆகவே ஓராண்டு ஒத்திகை பாருங்கள். வாடகை போக மாதம் 17,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டு, தவணை கட்டுவதாகவே எண்ணிக் குடித்தனம் நடத்துங்கள். ஆண்டு முடிவில் வட்டி நீங்கலாக 2,04,000 ரூபாய் சேர்ந்திருக்கும். எந்த மாதத்தில் மூச்சுத் திணறியது என்பதும் தெரிந்திருக்கும்.

அதற்குள் ஒரு மழைக்காலமும் வந்துவிடும். நம் பகுதியில் புது மனைகள் பலவும் நேற்றுவரை நஞ்சையாக இருந்தவை. சவுடு அடித்து மேடாக்கினாலும் அடியில் இருப்பது நீர் குடித்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் களிமண். கார்த்திகையில் அடைமழை விட்ட மறுநாள் போய்த் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, சுவரின் அடியில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, ஜன்னல் மூலைகளில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மனைப்பிரிவுக்கு டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் உண்டா என்பதோடு, நிலம் கோயிலுக்கோ மடத்துக்கோ உரியதா என்பதையும் வழக்கறிஞரைக் கொண்டு மூலப்பத்திரம் வரை பார்த்துவிடுங்கள். வீடு நமக்கு, அடிமனை கோயிலுக்கு என்ற நிலை தஞ்சை மாவட்டத்தில் புதிதல்ல. அதற்கு வங்கிக்கடன் கிடைப்பதும் கடினம்.

விற்பவர் அதுவரை காத்திருக்கமாட்டார் என்றால் இந்த வீட்டை விட்டுவிடுங்கள். கும்பகோணத்தைச் சுற்றி மனைக்கல் நடாத வயல்தான் இப்போது அரிது.