இவரோடு பறக்க மாட்டேன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனத்தில் பல வருடம் துணை விமானியாக இருந்து, இப்போது கேப்டனாகப் பறக்கிறேன். சில கேப்டன்களோடு பறக்காமல் இருக்கத் துணை விமானிகள் அவர்கள் பெயரைக் கொடுத்து வைப்பதுண்டு என்று போன வாரம் சொல்லியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

அண்ணா, கம்பெனி இதற்கெல்லாம் விடுமா? எங்கள் ஆபீஸில் மேனேஜரை வேண்டாம் என்றால் நம்மைத்தான் அனுப்புவார்கள்.

இங்கே பல நிறுவனங்களில் விடுகிறார்கள். அடுத்த மாதம் எந்தெந்தப் பயணம் வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் கணினியில் பதிவோம். 'பிட்' போடுவது என்போம். பணிமூப்பு வரிசைப்படிதான் கிடைக்கும். இன்னாரோடு என்னைச் சேர்க்காதே என்றும் அதிலேயே போடலாம். எங்கள் நிறுவனத்தில் காரணம் கேட்பதில்லை, அந்தக் கேப்டனுக்கும் தெரிவதில்லை. ஆனால் அவருடைய பயணங்கள் எல்லாம் நம் கையைவிட்டுப் போய்விடும். தீபாவளிக்கு லீவு கிடைக்கிற மாதிரி ஒரு நல்ல பயணம் அவரிடம் இருந்தால் அதுவும் போச்சு.

அப்படி என்னதான் செய்வார்கள்?

அரசியல் பேச்சு, ஓயாத புலம்பல், பெண் விமானிகளிடம் தரக்குறைவான பேச்சு. நாலு நாள் பயணம் என்றால் நாலு நாளும் தோளோடு தோள் உட்கார வேண்டும், எழுந்து போக முடியாது.

நான் துணை விமானியாக இருந்தபோது எனக்கு வாய்த்த கேப்டன் வேறு மாதிரி. இறக்கையின் பின்பக்கத் தகடுகளை இறக்கி ஏற்றும் பிளாப் நெம்புகோலில் நான் கை வைப்பதற்குள் என் கையைத் தட்டிவிட்டு அவரே இழுப்பார். செக்லிஸ்ட் படித்தால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு 'ம்' மட்டும் வரும். மூன்றாம் நாள் வேகம் கொஞ்சம் கூடியபோது நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் திட்டுவாரே என்று இருந்துவிட்டேன். அன்றிரவு ஹோட்டலில் தூக்கமே வரவில்லை. அடுத்த மாத பிட்டில், சேர்க்க வேண்டாம் என்று அவர் பெயரைப் போட்டேன்.

பயணியாகக் கேட்கிறேன் சார், இதில் எங்களுக்கு ஆபத்து உண்டா?

அந்த மௌனம்தான் ஆபத்து. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் யுனைடெட் நிறுவனத்தின் 173 எண் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் இறந்தார்கள். கேப்டன் சக்கரக் கோளாறிலேயே மூழ்கியிருந்தார். எரிபொருள் குறைகிறது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. கேப்டனிடம் எப்படிப் பேசுவது, கேப்டன் எப்படிக் கேட்பது என்று விமானிகளுக்குத் தனிப் பயிற்சி வர அந்த விபத்து பெரிய காரணம்.

அதற்கு முன் 1972-இல் லண்டன் அருகே ஸ்டெயின்ஸில் டிரைடன்ட் ரகப் பயணிகள் விமானம் ஒன்று விழுந்து 118 பேரும் இறந்தார்கள். புறப்படுவதற்குச் சற்று முன்புதான் கேப்டன் ஓய்வறையில் வேறொரு விமானியிடம் சத்தம் போட்டிருந்தார். அவருக்கு இதயக் கோளாறும் இருந்தது. பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு வயது 22. அப்படிப்பட்டவரிடம் அவன் எப்படி வாயைத் திறந்திருப்பான்? அந்தப் பையனை நினைத்தால் இப்போதும் மனசு பிசைகிறது.

பயிற்சியில் இருக்கிறேன். பெயர் கொடுத்தால் கோழை என்பார்களோ?

இல்லம்மா, தயங்காமல் கொடு. ஆனால் குணம் பிடிக்கவில்லை என்பது வேறு, விதியை மீறுகிறார் என்பது வேறு. இரண்டாவதுக்கு இது போதாது. நீ ஒதுங்கினால் உன்னைவிட இளைய ஒருவர் அந்த இருக்கையில் உட்காருவார். எங்கள் சங்கத்தில் இதற்கென்றே ஒரு குழு உண்டு. அதில் இருப்பவர்களும் விமானிகளே. நிர்வாகத்துக்குப் போகாமல் அந்தக் கேப்டனைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். நான் அப்போது அவர்களிடம் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

கேப்டனும் துணை விமானியை ஒதுக்கலாமா?

எங்களிடம் முடியாது. யார் வந்தாலும் அணைத்துப் போவது கேப்டன் வேலை.

உங்கள் பெயரை யாராவது கொடுத்திருக்கிறார்களா?

தெரிந்துகொள்ள வழியில்லை. அதனால் முதல் நாளே கை குலுக்கும்போது, "நான் தப்புச் செய்தால் உடனே சொல்லுங்கள், சரியா?" என்று கேட்டுவிடுவேன். போன மாதம் தரையிறங்கும்போது பக்கத்தில் இருந்த புதுப் பெண், "வேகம் கூடுது கேப்டன்" என்றாள். குறைத்தேன். விமானத்தைக் கொண்டுபோய் நிறுத்தியதும் முதலில் அதற்குத்தான் நன்றி சொன்னேன்.