ரயில் கூவினாலே அந்த மாலை திரும்பி வருகிறது

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்கு அருகே வசிக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் என் கணவர் கடற்கரைக்குப் போகத் தண்டவாளத்தைக் கடந்தபோது ரயில் மோதி இறந்துவிட்டார். கூச்சல் கேட்டு ஓடிப்போய் என் கண்ணாலேயே பார்த்தேன். "கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வாருங்கள்" என்று அவரை அனுப்பியதும் நான்தான். இப்போது ரயில் கூவினாலே அந்தக் காட்சி கண்முன் வந்து உடல் நடுங்குகிறது. மகன் பாடசாலையிலிருந்து வரச் சற்றுத் தாமதித்தால் அவனும் அப்படிக் கிடப்பதாகத் தோன்றுகிறது. இது தோஷம், நூல் கட்ட வேண்டும் என்கிறார் மச்சாள். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை அம்மா, பிடிக்கவில்லை. இதை முதலில் நம்புங்கள்.

சாதாரண நினைவுகள் 'அன்று நடந்தது' என்ற அடையாளத்தோடு மனதில் பதியும். உயிர் பதறும் நேரத்தில் கண்டவை அப்படிப் பதிவதில்லை. சத்தம், மணம், வெளிச்சம் என்று துண்டு துண்டாக, நாளும் தேதியும் இல்லாமல் கிடக்கும். அவற்றில் ஒன்றை எது தொட்டாலும் மொத்தமும் கிளம்பி, இப்போதே நடப்பதுபோல் காட்டிவிடும். உங்களைத் தொடுவது ரயில். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே குடியிருக்கும் ஒருவரால் அந்தச் சத்தத்திலிருந்து எங்கே ஓட முடியும்? மகனைப் பற்றி வரும் படத்தையும் முன்னறிவிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேரிழப்பைக் கண்ட மனம் அடுத்ததற்கு அஞ்சிக் காவல் காக்கிறது.

நினைக்கவே கூடாது என்று மல்லுக்கட்ட வேண்டாம். விரட்ட விரட்ட அது திரும்பி வரும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். அவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதற்குப் பதில், அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடுகளைத் தேடுங்கள். ஆன்கே ஏலர்ஸ், டேவிட் கிளார்க் என்ற ஆய்வாளர்களின் சிகிச்சை முறையில் இது முக்கியமான பயிற்சி. அடுத்த முறை ரயில் கூவும்போது இரு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றுங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அன்று மாலை, இன்று காலை. அன்று தண்டவாளத்தருகே நின்றேன், இன்று என் குசினியில் நிற்கிறேன். அடுப்பில் பருப்பு கொதிக்கிறது. மகன் பாடசாலையில் இருக்கிறான். இது வேறு ரயில்." சத்தம் ஒன்றேயானாலும் மற்ற யாவும் வேறு என்று மனதுக்கு எடுத்துக்காட்ட வேண்டும். சில நாள் இது பலிக்காமல் போகலாம், மனந்தளராமல் தொடருங்கள்.

காற்று வாங்கி வரச் சொன்னதைப் பற்றி. நாள் முழுவதும் உழைத்த கணவர்மேல் அக்கறை கொண்டு சொன்ன சொல் அது. நடக்கப்போவது அப்போது உங்களுக்குத் தெரியாது. இன்று தெரிந்ததை வைத்து அன்றைய உங்களைத் தண்டிப்பது அநியாயம்.

நூல் கட்டினால் ஆறுதல் என்றால் கட்டிக்கொள்ளுங்கள், மச்சாளோடு சண்டை வேண்டாம். ஆனால் அதைக் காரணம் காட்டி வைத்தியரைத் தள்ளிப் போடாதீர்கள். இத்தகைய துன்பம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலே, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயா (PTSD, பேரதிர்ச்சிக்குப் பின் ஆறாமல் நிற்கும் மனக்காயம்) என்று பரிசோதிக்க வேண்டும். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். தமிழில் பேச வேண்டும் என்பதை முதலிலேயே கேளுங்கள். பயிற்சி பெற்றவர் துணையோடு அந்த நாளைச் சிறிது சிறிதாகப் பேசி ஒழுங்குபடுத்தும் சிகிச்சை பலருக்குப் பெரும் பலன் தருகிறது. தேவையானால் மருந்தும் உண்டு. ஆனால் மருந்தகத்தில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்க வேண்டாம். போர்க்காலத்திலும் அதன் பின்னும் எம் மக்கள் எத்தனையோ பேர் இதே நடுக்கத்தோடு யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோரிடம் சிகிச்சைக்குப் போனார்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

ஆட்டைத் திவசம் நெருங்க நெருங்க இது மீண்டும் கூடலாம். அந்த வாரம் தனியாக இருக்காமல் மச்சாளையோ சகோதரியையோ வந்து நிற்கச் சொல்லுங்கள். கணவரோடு போய்விடலாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் காலை வரை பொறுத்திருக்காமல் உடனே அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள், 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணி நேர இலக்கம்.