வரிசையின் கடைசி ஆள்

அன்புள்ள அக்காவுக்கு,

டோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கிறேன், ஐடி வேலை. பள்ளி நாளிலிருந்தே மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைகள் என்றால் உயிர். இந்த டிசம்பரில் கோமிகெட் போகலாம் என்று அலுவலகத் தோழி கூப்பிடுகிறாள், ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட புத்தகங்களை விற்கிற பெரிய சந்தை அது. எனக்கோ கூட்டம் என்றாலே நெஞ்சு படபடக்கும். சின்ன வயதில் ஊர்த் தேரோட்டத்தில் அம்மா கையை விட்டுவிட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டதிலிருந்து இப்படி. 2022இல் சியோல் நெரிசல் சாவுச் செய்தி வந்தபோது பல நாள் சரியாகத் தூங்கவில்லை. பாதியில் திரும்பிவிட்டால் தோழி என்ன நினைப்பாள் என்றும் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் அங்கே போயிருக்கிறீர்கள். நான் போகலாமா?

நிஷிகசாயிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். ஆனால் காலையில் போகாதீர்கள்.

உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். சியோலின் இதேவோன் சந்தில் 159 உயிர்கள் போயின. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் நம் கால் நம் பேச்சைக் கேட்காது. அந்த மாதிரி நெரிசலில் பலர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டிச் சாகிறார்கள். ஜப்பானிலும் இது நடந்திருக்கிறது. 2001 ஜூலையில் அகாஷி நகரத்தில் வாணவேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒரு நடைமேம்பாலத்தில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். அதில் 9 பேர் குழந்தைகள். ரயில் நிலையத்திலிருந்து வந்தவர்களும் திரும்பிப் போனவர்களும் அதே பாலத்தில் எதிரெதிரே முட்டிக்கொண்டார்கள், தடுத்து நிறுத்த யாருமில்லை. எத்தனை ஆயிரம் பேர் என்பதைவிட, அவர்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள், யார் நிறுத்துகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கோமிகெட் 1975 டிசம்பர் 21 அன்று, புத்தகம் போட்டு விற்கிற 32 குழுக்களோடும் சுமார் 700 பேரோடும் தொடங்கியது. 2019 டிசம்பரில் நான்கு நாளில் ஏழரை லட்சம் பேர் வந்தார்கள். இப்போது இரண்டு நாள்தான் நடக்கிறது, ஆனாலும் லட்சக்கணக்கில்தான். இந்தக் கூட்டத்தை மேய்ப்பவர்கள் தன்னார்வலர்கள். அங்கே வாடிக்கையாளர் என்று யாருமில்லை. விற்பவர், வாங்குபவர், வழிகாட்டுபவர் எல்லாருமே பங்கேற்பாளர்கள் என்பது அவர்கள் கொள்கை. கேட்க ஏதோ மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். வரிசையில் நின்று பார்த்தால் அது நிஜம் என்று தெரியும்.

ஒவ்வொரு நீள வரிசையிலும் கடைசியில் நிற்பவர் கையில் ஓர் அட்டை இருக்கும், ‘வரிசையின் கடைசி இதுதான்’ என்று எழுதி. நீங்கள் போய்ப் பின்னால் நின்றதும் அவர் லேசாகக் குனிந்து அதை உங்களிடம் கொடுப்பார். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் வந்ததும் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். வரிசையை எங்காவது உடைத்து வேறிடத்தில் தொடரச் செய்திருந்தால், உடைந்த இடத்தில் நிற்பவரிடம் ‘கடைசி இது இல்லை’ என்று இன்னோர் அட்டை இருக்கும். யாரென்றே தெரியாத ஆயிரம் பேர் இப்படிக் கைமாற்றிக் கைமாற்றியே வரிசையைக் காப்பாற்றுகிறார்கள். கூட்டத்தைக் கண்டால் படபடக்கிற ஒருத்திக்கு இது பெரிய உதவி. கையில் ஒரு வேலை இருக்கும்போது மனம் கண்டதையும் நினைப்பதில்லை.

அதற்காக அந்த இடத்தில் ஆபத்தே வராது என்று சொல்லவில்லை. கோமிகெட் நடக்கிற அதே பிக் சைட் கண்காட்சிக் கட்டடத்தில் 2008 ஆகஸ்டில் வேறொரு ரசிகர் விழாவின்போது, ஆட்கள் நெருக்கி ஏறியதில் எஸ்கலேட்டர் நின்று பின்னோக்கிச் சரிந்து பலர் காயமடைந்தார்கள். ஊழியர் ‘நில்லுங்கள்’ என்று கையைக் காட்டினால், காரணம் புரியாவிட்டாலும் நின்றுவிடுங்கள்.

நிஷிகசாய் என்கிறீர்கள், அப்படியானால் தோசாய் ரயில் தடத்தில்தான் தினமும் வேலைக்குப் போவீர்கள். கிபாவிலிருந்து மொன்சென் நகாச்சோ வரை காலை நெரிசல் 2019இல் ரயிலின் கொள்ளளவில் 199 சதவீதம், ஜப்பானிலேயே முதலிடம். அதை எப்படித் தாங்குகிறீர்கள்? எந்த நிலையத்தில் இறங்குவோம் என்று தெரிந்திருப்பதால். கோமிகெட்டுக்கும் அப்படி ஓர் இறங்கும் இடத்தை, அதாவது எப்போது போய் எப்போது கிளம்புவது என்பதை, வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பிற்பகல் நுழைவு டிக்கெட் தனியாக உண்டு, அதை வாங்குங்கள். பேர்பெற்ற குழுக்களின் புத்தகங்கள் அதற்குள் தீர்ந்திருக்கும். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அவர்களுக்குச் சுவரோர மேசைகள். வரிசை ஷட்டர் வழியாக வெளியே வரைக்கும் போகும். நீங்கள் அரங்கின் நடுவில் இருக்கிற மேசைகளுக்குப் போங்கள். அங்கே வரைந்தவரே உட்கார்ந்திருப்பார். பார்க்கலாமா என்று கேட்டால் புரட்டிப் பார்க்கத் தருவார். கோமிகெட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். நூறு, ஐந்நூறு யென் நாணயங்களும் ஆயிரம் யென் தாள்களும் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நோட்டுக்குச் சில்லறை தேடுகிற நேரத்தில் பின்னால் ஆள் சேர்ந்துவிடும்.

உள்ளே போனதும் வெளியேறும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது நெருக்கம் கூடுவதாகத் தோன்றினால் காத்திருக்காமல் அப்போதே விலகிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வையுங்கள், எதிர்த்துத் தள்ளாதீர்கள், தள்ளு ஓய்கிற இடைவெளியில் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள், எது கீழே விழுந்தாலும் குனியாதீர்கள், போன் உட்பட. முடியவில்லை என்றால் முதலுதவி அறை இருக்கிறது, கேட்கத் தயங்காதீர்கள்.

தோழியிடம் இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லிவிடுங்கள். அவர் காலையில் போய் வேண்டியதை வாங்கட்டும், உங்களுக்கும் ஒன்றிரண்டு சேர்த்து வாங்கி வரட்டும். அங்கே போன் சிக்னல் திணறும். எந்த இடத்தில், எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குள் கிளம்பிவிட்டால் நான்கு மணிக்கு மூடும்போது ரயிலுக்கு முண்டுகிற கூட்டத்திலிருந்து தப்பிக்கலாம். ஒரு மணி நேரத்திலேயே திரும்பிவிட்டாலும் அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அடுத்த ஆகஸ்டிலும் நடக்கும். ஆனால் வெயில் கொடுமை சேர்ந்துகொள்ளும். முதல் தடவைக்கு டிசம்பர்தான் நல்லது. டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள், வாசலில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அன்புடன்,
அக்கா