தம்பி விடுதலையாகி வருகிறான், எங்கே தங்கவைப்பது?

கேள்வி: என் தம்பி அடுத்த மாதம் கலிஃபோர்னியா மாநிலச் சிறையிலிருந்து வெளியே வருகிறான். இங்கேயே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். 13 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இழைத்த குற்றத்துக்காகத் தண்டனை. பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் அவன் பெயர் ஏறும் என்கிறார்கள். அம்மா, "நம்ம வீட்டுலயே இருக்கட்டும், வெளியூர்ல வேலை பார்த்தான்னு சொல்லிக்கலாம்" என்கிறார். எனக்கு 7 வயதில் மகள். யாரிடம் உதவி கேட்பது? சென்னையில் இருக்கும் பாட்டியைப் பார்க்க அவன் போக முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சான் ஹோசே

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் நின்று தவிப்பது கடிதத்தில் தெரிகிறது. குழந்தை இருக்கும் வீட்டில் தங்க, விடுதலைக்குப் பிறகு அவரைக் கண்காணிக்கும் பரோல் அதிகாரி அனுமதிப்பதே அரிது. அனுமதித்தாலும் உங்கள் மகள் இருக்கும் வீட்டில் அவர் இருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. தம்பியைக் கைவிடுவதாக நினைக்காதீர்கள். வேறு கூரை தேடிக் கொடுங்கள், வாரம் ஒருமுறை நீங்கள் போய்ப் பாருங்கள்.

வெளியூர்க் கதையும் வேண்டாம். இந்த மாநிலத்தில் பதிவேடு பொது இணையதளம். குற்றத்தைப் பொறுத்துப் படமும் முகவரியும்கூட அதில் வரும். நீங்கள் பார்க்கலாம். உங்கள் தம்பி அந்தத் தளத்தைத் திறந்தாலே குற்றம், 6 மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். இதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள். தன் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அவர் வந்தவுடன் நாட்கள் பறக்கும். விடுதலையான 5 வேலை நாட்களுக்குள் தங்கும் ஊரின் போலீஸிலோ ஷெரிஃப் அலுவலகத்திலோ பதிந்தாக வேண்டும். பல நிலையங்களில் முன்பதிவு இல்லாமல் ஜன்னலருகே போனால் "அடுத்த வாரம் வா" என்பார்கள். அந்த வாரத்தில் கெடு தாண்டிவிடும். ஆகவே இப்போதே போன் செய்து கேளுங்கள். கட்டணம் ஒரு பைசா கிடையாது. பதிந்ததற்கான தாளைக் கையோடு வாங்கி ஒரு நகல் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பிறந்தநாளையும் ஒட்டி 5 வேலை நாட்களுக்குள் மறுபதிவு, முகவரி மாறினாலும் அப்படியே. தங்க இடமில்லாவிட்டால் 30 நாளுக்கு ஒருமுறை. தவறினால் அதுவே தனி வழக்கு. புதிதாக எந்தத் தப்பும் செய்யாமல், வெறும் தேதி தவறி மறுபடி உள்ளே போனவர்களின் குடும்பங்களோடு நான் உட்கார்ந்து பேசியிருக்கிறேன்.

வீடுதான் பெரிய பாடு. பள்ளி, பூங்காவிலிருந்து 2,000 அடிக்குள் வசிக்கக் கூடாது என்று 2006-இல் சட்டம் வந்தது. அதைப் பரோலில் உள்ள எல்லோர் மேலும் கண்ணை மூடிக்கொண்டு சுமத்தியதை மாநில உச்ச நீதிமன்றம் 2015-இல் சான் டியாகோ வழக்கில் தவறென்றது. இப்போது ஆளுக்கு ஆள் பார்க்கிறார்கள். சிறுவர்களுக்கு எதிரான சில குற்றங்களில், ஆபத்து அதிகம் என்று மதிப்பிடப்பட்டவர் பள்ளியிலிருந்து அரை மைல் தள்ளியே இருக்க வேண்டும். எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் முகவரியைப் பரோல் அதிகாரியிடம் கொடுத்துச் சம்மதம் வாங்குங்கள். வாழ்நாள் பதிவு என்றால் அரசு மானிய வீடு கிடைக்காது. பதிவேட்டில் உள்ள இன்னொருவரோடு, உறவினராக இல்லாத பட்சத்தில், பரோல் காலத்தில் தனி வீட்டைப் பகிரவும் கூடாது. பெரிய அபார்ட்மென்ட் கம்பெனிகளை விட, நேரில் பேசி ஆளைப் பார்த்து முடிவு செய்யும் தனி உரிமையாளரிடம் வாய்ப்பு அதிகம். உண்மையைச் சொல்லியே கேளுங்கள்.

உதவிக்கு முதல் வாசல் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சிறையிலிருந்து திரும்புவோருக்கு உதவும் சாண்டா கிளாரா கவுண்டியின் ரீஎன்ட்ரி ரிசோர்ஸ் சென்டர் 2012 முதல் சான் ஹோசேயில் இயங்குகிறது. மருத்துவக் காப்பீடு, உணவு உதவி, தங்குமிடப் பரிந்துரை எல்லாவற்றுக்கும் அங்கே ஆரம்பிக்கலாம். சமூக உதவிகளுக்கு வழிகாட்டும் 211 என்ற தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம். புதிதாக வெளியே வந்தவர்களுக்காகப் பரோல் அலுவலகம் நடத்தும் 'பேக்ட்' கூட்டத்துக்கு உள்ளூர் அமைப்புகள் வரும். கடமைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வராமல் ஒவ்வொருவரிடமும் பேசச் சொல்லுங்கள். வேலைக்கு: 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், வேலை தருவதாக நிபந்தனையோடு சொல்லும் முன் தண்டனை பற்றிக் கேட்கக் கூடாது என்பது 2018 முதல் சட்டம். முதலாளி தயங்கினால் ஃபெடரல் பாண்டிங் திட்டம் ஊழியரின் நேர்மையின்மையால் வரும் இழப்புக்கு, முதல் 6 மாதத்துக்கு 5,000 டாலர் காப்பீட்டை இலவசமாகத் தரும்.

சிகிச்சை கட்டாயம், குறைந்தது ஒரு வருடம், பாலிகிராஃப் எனும் பொய் கண்டறியும் சோதனையும் உண்டு. வேண்டாவெறுப்பாகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வீண். அதோடு தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து ஒருவரைச் சூழ்ந்து நிற்கும் 'சர்க்கிள்ஸ் ஆஃப் சப்போர்ட் அண்ட் அக்கவுண்டபிலிட்டி' என்ற முறை இருக்கிறது. 1994-இல் கனடாவின் ஹாமில்டனில் ஒரு மெனோனைட் கிறிஸ்தவ சபையில் தொடங்கியது. வாராவாரம் கூடுவார்கள், ஆதரவாக இருப்பார்கள், பூசி மெழுகினால் முகத்துக்கு நேரே கேட்பார்கள். மின்னசோட்டா சிறைத்துறையின் ஆய்வில் இப்படிச் சூழ்ந்த வட்டம் உள்ளவர்கள் மறுபடி கைதாவது குறைந்தது. எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. பாதிக்கப்பட்ட அந்தச் சிறுமிக்கும் இனி ஒரு சிறுமிக்கும் நாம் செய்யக்கூடிய நியாயம், இவரைத் தனியாக விடாததுதான். உங்கள் பகுதியில் அப்படி ஒரு வட்டம் உண்டா என்று ரீஎன்ட்ரி மையத்தில் கேளுங்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒன்று. தமிழ்ப் பள்ளியும் பொங்கல் விழாவும் பெரும்பாலும் அரசுப் பள்ளி வளாகத்தில்தான் நடக்கின்றன. பள்ளித் தலைமையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவர் உள்ளே கால் வைத்தால் குற்றம். "விழாதானே, சும்மா வந்துட்டுப் போகட்டும்" என்று அம்மா கூப்பிடக் கூடாது.

பாட்டியைப் பார்ப்பது இப்போதைக்கு நடக்காது. பரோல் முடியும்வரை அனுமதியின்றி மாநில எல்லையையே தாண்ட முடியாது. முடிந்த பிறகும், பதிவேட்டில் இருக்கும்வரை, வெளிநாட்டுப் பயணத்தை 21 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் சிறுமி என்பதால் பாஸ்போர்ட்டிலும் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் என்ற குறிப்பு அச்சாகும். பதிவேட்டிலிருந்து நீங்க 10, 20 ஆண்டு, அல்லது வாழ்நாள் என்று மூன்று நிலைகள் 2021 முதல் உள்ளன. ஆண்டு நிறைந்தாலும் பெயர் தானாக நீங்காது, கோர்ட்டில் மனுப் போட வேண்டும். அதுவரை பாட்டியோடு வீடியோ காலில் பேசட்டும். அதற்கும் அவர் ஸ்மார்ட்போன் வைத்துக்கொள்ள பரோல் நிபந்தனை இடம் தருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.