சமையலறையோடு ஒரு சுற்றுலா

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பயணக் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவன். ஓஹையோவில் வேலை பார்த்துப் போன மாதம்தான் ஓய்வு பெற்றேன். எனக்கு 66, மனைவிக்கு 63. வரும் ஜூலையில் டென்வரில் ஒரு ஆர்வியை (அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து, சவுத் டக்கோட்டா, யெல்லோஸ்டோன், கிளேசியர் தேசியப் பூங்காக்கள் என்று ஐந்து வாரம் சுற்றத் திட்டம். இத்தனை வருடம் வீட்டைப் பார்த்துக்கொண்டவளுக்கு இது என் பரிசு. வெளிச்சாப்பாடு எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆர்வி என்றால் அவளே சமைத்துவிடுவாள், அது பெரிய வசதி. 24 அடி வண்டி போதுமா, 31 அடி எடுக்கலாமா? இந்த வயதில் இதெல்லாம் ஆபத்து என்கிறான் மகன். வழியில் வாசிக்கச் சில புத்தகங்களும் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

புத்தகம் வேண்டாம். வழியில் வரும் வயோமிங் மாநிலத்தில் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், போதும். மகன் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள்.

வண்டி 24 அடியே எடுங்கள். அதுவும் எல்லா இடத்துக்கும் போகாது. கிளேசியரில் கோயிங் டு த சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியையும், பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமான வண்டியையும் விடமாட்டார்கள். 1930-களில் திறந்த சாலை, ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அங்கே 1930-களில் செய்த சிவப்புப் பேருந்துகளே இன்னும் சுற்றுலாவுக்கு ஓடுகின்றன, வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு அதில் ஏறிக்கொள்ளுங்கள். சவுத் டக்கோட்டாவில் நீடில்ஸ் நெடுஞ்சாலைப் பக்கம் ஆர்வியோடு போகவே போகாதீர்கள். அங்குள்ள ஒரு சுரங்கவழியின் அகலமே 8 அடிதான்.

சரி. இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். ‘அவளே சமைத்துவிடுவாள்’ என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள்மீது மட்டும் இல்லை. கொஞ்ச நாளாகவே இதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நண்பர் ஒருவர் தன் கோடைப் பயணப் படங்களை அனுப்பியிருந்தார். மலை, ஏரி, காட்டெருமை, இவர். மனைவி இருக்கும் படங்களில் பாதிக்கு மேல் வண்டிக்குள் எடுத்தவை. அடுப்புக்கு முன்னால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஓய்வு பெற்றது நீங்கள். அவர் பெறவில்லை. ஐந்து வாரமும் வேளாவேளைக்கு அவர் சமைக்கப்போகிறார் என்றால், வீட்டில் அகலமான மேடையில் செய்ததை இரண்டு முழ மேடையில் செய்யப்போகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். ஜூலை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் புரோபேன் அடுப்பை ஏற்றிப் பாருங்கள், எப்படி இருக்கிறது என்று தெரியும். பாத்திரம் கழுவும் தண்ணீர் முழுக்க வண்டிக்கு அடியில் உள்ள கிரே டேங்க் என்ற அழுக்குத்தண்ணீர்த் தொட்டியில் சேரும். குழாய் இணைப்பு இல்லாத முகாம்களில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். யெல்லோஸ்டோனுக்குள் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றுக்கும் இணைப்பு உள்ள இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். மற்ற முகாம்களில் ‘தண்ணீரைப் பார்த்துச் செலவு பண்ணு’ என்று நீங்கள்தான் அவரை அதட்டப்போகிறீர்கள்.

ஆண்களுக்கும் வேலை உண்டு, டேங்கைக் காலி செய்வது. கையுறை போட்டுக்கொண்டு முதலில் கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்கின் வால்வைத் திறக்க வேண்டும், அப்புறம்தான் கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். பிளாக் வால்வை எப்போதும் திறந்தே வைத்தால் திரவம் வடிந்து, திடமானது டேங்கிலேயே காய்ந்து கெட்டியாகிவிடும். சில நாளுக்கொரு முறை செய்யும் கால் மணி நேர வேலை. இதற்கு நம் ஆட்கள் பரணி பாடுவார்கள்! மூன்று வேளை சமையலுக்கு யாரும் பாடுவதில்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு தம்பதியோடு வயோமிங் பக்கம் ஆர்வியில் போயிருக்கிறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வழியில் ஒரு முகாமில் நண்பருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, உட்காரவே முடியவில்லை. அவர் மனைவி சிகாகோ பனியில் தினமும் காரில் வேலைக்குப் போய்வந்தவர். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் ஓட்டுநராக அவர் பெயர் இல்லை. ‘இவ்வளவு பெரிய வண்டியை அவள் எங்கே ஓட்டப்போகிறாள்’ என்று நண்பர் எழுதாமல் விட்டிருந்தார். முதுகு சரியாகும்வரை அங்கேயே கிடந்தோம். அந்த அம்மா எல்லோருக்கும் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ‘நல்லவேளை, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை’ என்றார் நண்பர், படுத்தபடியே.

உங்களுக்கு 66. மருத்துவமனை எண்பது மைலுக்கு அப்பால் இருக்கும் சாலையில் உங்களுக்கு நெஞ்சு வலித்தால் யார் ஓட்டுவது? உங்கள் மகன் பயப்பட வேண்டியது இதற்குத்தான். 26,000 பவுண்டு எடைக்குக் குறைந்த ஆர்விக்குப் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண கார் உரிமமே போதும். ஒப்பந்தத்தில் உங்கள் மனைவியை ஓட்டுநராகச் சேர்க்கக் கூடுதல் கட்டணம் கேட்டால் பேரம் பேசாமல் கட்டுங்கள். தேசியப் பூங்காக்களுக்கு 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் 80 டாலருக்கு ஆயுள் முழுக்கச் செல்லும் அட்டை உண்டு. ஒரே வண்டியில் போகிற தம்பதிக்கு ஒன்று போதும். அதை அவர் பெயரில் வாங்குங்கள். வாசலில் அட்டையை நீட்டுவது அவராக இருக்கட்டும்.

சமையலை நீங்கள் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாது என்றால் ஜூலைக்குள் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது. இன்னொன்று: வண்டி ஓடும்போது காபி போட அவரை எழுப்பாதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் நிற்கிற ஆளுக்குப் பிடிமானம் கிடையாது, அடுப்பு, கத்தி, கண்ணாடி எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கும். உங்களுக்குக் காபி வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டு நீங்களே போடுங்கள்.

வண்டியை எடுத்த அன்றே, காலியான ஒரு பார்க்கிங்கில் அவரை முதலில் ஓட்டச் சொல்லுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் உடம்பு, இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்க் தூண்களில் வண்டிகள் இடிப்பது பல நேரம் அதனால்தான். ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் தூண் மாதிரி நிறுத்தி, அது விழாமல் திரும்பப் பழகட்டும். பின்னால் எடுக்கும்போது நீங்கள் கீழே இறங்கி, கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்று கையைக் காட்டுங்கள். கத்தாதீர்கள்.