முதலில் அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். பழம்பொருள் சந்தையில் ஒரு வியாபாரி, விக்டோரியா மகாராணி கையெழுத்திட்ட ராணுவ அதிகாரி நியமனப் பத்திரம் ஒன்றைக் கண்ணாடிச் சட்டமிட்டு வைத்திருக்கிறார். ஆண்டு 1874. விலை 650 பவுண்டு. அந்த அதிகாரி பணம் கட்டி வாங்கிய பதவி அது என்கிறார். உண்மைச் சான்றிதழும் தருகிறாராம். கூடவே, முடிசூடாமலே விலகிய எட்டாம் எட்வர்டின் முடிசூட்டு விழாக் கோப்பை ஒன்றும் 'மிக அரிது' என்று 80 பவுண்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். அடுத்த மாதம் கோவையில் அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். இரண்டையும் வாங்கிக் கொண்டுபோகலாமா?

பதில்: இப்போதைக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் குறிப்பிடும் 1874 என்ற ஆண்டுதான் என்னை உறுத்துகிறது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் நியமனப் பத்திரங்களில் ஒவ்வொன்றிலும் அரசரே கையெழுத்திடுவது பழைய வழக்கம். விக்டோரியா காலத்தில் படை பெருகப் பெருக, கையெழுத்துக்குக் காத்திருந்த பத்திரங்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிவிட்டன. 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் காலமானார். அடுத்த ஆண்டே, மகாராணி கையெழுத்திடாமலும் இந்தப் பத்திரங்களை வழங்கலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்குப் பிந்தைய ராணுவப் பத்திரங்களில் நீங்கள் காணும் 'விக்டோரியா' பெரும்பாலும் முத்திரையால் பதித்தது.

அதாவது பத்திரம் அசல், கையெழுத்து மட்டும் அவர் கைபட்டதல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து விற்பதுதான் இத்தொழிலின் மிகப் பழைய தந்திரம். கையெழுத்தை முத்திரையால் பதித்த பத்திரத்துக்குக் கிடைப்பது, மகாராணி கைப்படக் கையெழுத்திட்ட பத்திரத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஆகவே சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கழற்றினால், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அதிகாரியின் பெயரையும் பதவியையும் எழுத்தர் பேனாவால் நிரப்பியிருப்பார். முதலில் அந்த மையைப் பாருங்கள். கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும். ஒரு கோட்டின் மேல் இன்னொன்று ஏறும் இடத்தில் மை கறுத்திருக்கும். முள் அழுந்திய தடமும் தெரியக்கூடும். பிறகு மேலே உள்ள அரச கையெழுத்தைப் பாருங்கள். (பிரிட்டிஷ் அரசர்கள் பத்திரத்தின் தலைப்பகுதியில்தான் கையெழுத்திடுவார்கள்.) அதில் மை ஒரே சீராகவோ, நடுவில் வெளிறி ஓரங்களில் பிதுங்கியோ இருந்தால் அது முத்திரை. பெயருக்குப் பின்னால் பேரரசி என்பதைக் குறிக்கும் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இன்னும் எளிது. அந்தப் பட்டத்தை நாடாளுமன்றம் அனுமதித்ததே 1876இல்தான். 1874ஆம் ஆண்டுப் பத்திரத்தில் அதற்கு வேலையே இல்லை.

பணம் கட்டி வாங்கிய பதவி என்ற கதையையும் நம்ப வேண்டாம். ராணுவப் பதவிகளை விலைக்கு வாங்கும் முறை 1871 நவம்பர் 1 அன்று ஒழிக்கப்பட்டுவிட்டது. அதிகாரியின் பெயரையும் தேதியையும் 'லண்டன் கெஜட்' அரசிதழில் தேடிப் பாருங்கள். பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அங்கே பெயர் இருந்தால் அந்த மனிதர் பதவியேற்றது மட்டுமே உறுதியாகும். கையெழுத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இனி அந்தச் சான்றிதழ். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. உண்மைச் சான்றிதழ் எழுத பிரிட்டனில் உரிமம் வேண்டாம், தேர்வு வேண்டாம், கணினியும் அச்சுப்பொறியும் போதும். விற்பவரே எழுதி, விற்பவரே ஒப்பமிட்டு, தங்க நிற ஒட்டுவில்லை ஒட்டிக் கொடுக்கும் காகிதத்தைச் சான்று என்று எப்படி ஏற்பது? முதல் உலகப்போர் முடிந்தபோது, சிறைமீண்ட வீரர்களுக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் கையெழுத்திலேயே ஒரு வரவேற்புக் கடிதம் போனது. அது அவர் எழுதிய ஒரு கடிதத்தைக் கல்லச்சில் ஆயிரக்கணக்கில் அச்சிட்ட படி. 'மன்னர் கைப்பட எழுதியது' என்ற சான்றிதழோடு அதை வாங்கிவிட்டு என் முன் வந்து உட்கார்ந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர்.

சான்றிதழுக்குப் பதிலாக ரசீதில் ஒரே ஒரு வரி கேளுங்கள்: 'விக்டோரியா மகாராணி தம் கையால் இட்ட கையெழுத்து, முத்திரையோ அச்சோ அல்ல.' கடையின் பெயர், முகவரி, தேதியோடு இதை எழுதித் தருபவர் வணிகராக இருந்தால், பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. எழுதித் தரத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்கான பதில்.

கோப்பை வேண்டாம். எட்டாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1937 மே 12 என்று குறிக்கப்பட்டிருந்தது. அவர் 1936 டிசம்பரில் முடிதுறப்பதற்குள் ஆலைகள் கோப்பைகளையும் தட்டுகளையும் ஏராளமாகச் செய்து குவித்துவிட்டன. விழா நடக்கவில்லை என்பதற்காகப் பொருள் அரிதாகிவிடாது. அரிதாக இருப்பது அவர் உருவம் பொறித்த நாணயங்கள்தான். அவை சந்தை மேசைக்கு வருவதில்லை.

அடுத்து, கோவைக்குக் கொண்டுபோவது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகளையும் ஆவணங்களையும் பிரிட்டனை விட்டு வெளியே கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் வேண்டும். கைப்பையில் வைத்துப் போனாலும் அது ஏற்றுமதிதான். ஓவியங்களுக்கு விலை வரம்பு உண்டு; குறைந்த விலைப் படங்கள் தப்பிவிடும். ஆவணங்களுக்கு அந்தச் சலுகைகூட இல்லை. தேசியப் பொக்கிஷத்துக்கும் சந்தையில் குவிந்து கிடக்கும் ஒரு சாதாரணப் பத்திரத்துக்கும் ஒரே சட்டம், இங்கிலாந்துக் கலை மன்றத்திடம் ஒரே விண்ணப்பம். வாரக்கணக்கில் ஆகலாம்; அப்பாவின் பிறந்தநாள் அதற்காகக் காத்திருக்காது.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. அதை வியாபாரிகள் திரித்துச் சொல்வதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கொண்டுபோகிறவரின் அல்லது அவர் கணவன், மனைவியின் சொந்த விவகாரம் சார்ந்த ஆவணங்களுக்கும், அவர்கள் எழுதிய அல்லது அவர்களுக்கு வந்த கடிதங்களுக்கும் உரிமம் தேவையில்லை. உங்கள் திருமணச் சான்றிதழ் இதில் அடங்கும். உங்களுக்கே அரண்மனையிலிருந்து வந்த கடிதமும் அடங்கும். தாத்தாவுக்கு வந்த பழைய கடிதம்? அடங்காது, 'குடும்பம்' என்ற சொல்லே அந்த விதிவிலக்கில் இல்லை. காசு கொடுத்து வாங்கினால் அது உங்கள் சொந்த ஆவணம்தானே என்று கடைக்காரர் சொல்வார். காகிதம் உங்களுடையதாகலாம், அதில் எழுதியிருப்பது யாரோ ஓர் ஆங்கில அதிகாரியின் விவகாரம். 'வீட்டுக் காகிதம் என்று சொல்லிவிடுங்கள்' என்று யோசனை சொல்பவர் விமான நிலையத்தில் உங்களோடு நிற்கப்போவதில்லை.

இந்தியாவுக்குள் போய்விட்டாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள ஆவணம் அங்கே 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். பிறகு மனம் மாறி லண்டனில் விற்க நினைத்தால், தனியாரால் அதை வெளியே கொண்டுவர முடியாது.

அப்பாவுக்குப் பரிசாக ஒரு பழைய தபால்தலையை யோசித்துப் பாருங்கள். தபால்தலைகளுக்கு இந்த பிரிட்டிஷ் ஏற்றுமதி உரிமம் தேவையில்லை. விக்டோரியாவின் இளம் முகம் பதித்த 1840ஆம் ஆண்டு 'பென்னி பிளாக்', உலகின் முதல் ஒட்டுத் தபால்தலை. ஏறத்தாழ 6.8 கோடி அச்சானது என்பதால், உங்கள் 650 பவுண்டுக்குள் நல்லதாகவே ஒன்று அகப்படும். நான்கு ஓரமும் வெட்டுப்படாமல், கிழிசலோ பின்புறம் ஒட்டிச் சரிசெய்த தடமோ இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, தபால்தலைக்கென்றே இருக்கும் கடையில் ரசீதோடு வாங்குங்கள்.