முதல் முறையாகக் குரூஸ் போகிறோம், புக் செய்யும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று: எப்போது புக் செய்தால் விலை குறையும், பால்கனி அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா, கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது. மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் பயண அட்டவணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரூஸ் போய்விட்டு அலுத்துக்கொண்டவர்களிடம் பேசிப் பாருங்கள், கப்பலைக் குறை சொல்பவர்கள் குறைவு. "அந்த ஊரைச் சரியாகப் பார்க்கவே முடியவில்லை" என்பதுதான் அதிகம் வரும். கப்பலில் யாரோ செய்த குளறுபடியால் வருவதல்ல அது. புக் செய்த அன்றே முடிவாகிவிட்ட விஷயம்.

விளம்பரத்தில் 'ரோம்' என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிடாவெக்கியாவில், அங்கிருந்து ரோம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 'ஃபுளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ. 'பாரிஸ்' என்றால் லெ ஆவ்ர், கடற்கரையில் இருக்கிற தனி ஊர். 'பெர்லின்' இன்னும் மோசம்: பால்டிக் கரையில் வார்னமுண்டே என்ற இடத்தில் இறக்கிவிடுவார்கள். பெர்லின் போகவே சுமார் மூன்று மணி நேரம், திரும்பி வர அதே அளவு. 'பாங்காக்' பெரும்பாலும் லேம் சபாங், 'டோக்கியோ' பல நேரம் யோகோஹாமா. வெனிஸில் 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் நகரத்தின் நடுவே ஜூடேக்கா கால்வாய் வழியாகப் போகத் தடை இருக்கிறது. அதனால் 'வெனிஸ்' என்று விற்கிற சில பயணங்கள் ரவென்னாவிலோ திரியெஸ்தேவிலோ கிளம்புகின்றன. இதெல்லாம் மோசடி இல்லை, துறைமுகத்தின் பெயரும் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அடுத்தது நேரம். காலை 8 முதல் மாலை 5 என்று போட்டிருந்தால் கையில் ஒன்பது மணி நேரம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். கப்பல் கட்டி நிறுத்தி, அதிகாரிகள் அனுமதி கொடுத்து, ஆட்கள் இறங்கத் தொடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். சில இடங்களில் கப்பல் கரைக்கே வராது, கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சின்னப் படகில் கரைக்குக் கூட்டிப்போவார்கள். டெண்டர் என்பது இதைத்தான். சாண்டோரினியில் படகிலிருந்து இறங்கிய பிறகும் பாறை உச்சியில் இருக்கிற ஊருக்குப் போகக் கேபிள் காருக்கு வரிசையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்நூறுக்கும் மேல் படி ஏற வேண்டும். அதே நாளில் இன்னும் நான்கு கப்பல் வந்து நின்றால் உங்கள் பொழுது அந்த வரிசையிலேயே போகும். எந்தத் துறைமுகத்துக்கு எந்த நாளில் எத்தனை கப்பல் வருகிறது என்ற பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே பாதையில் இரண்டு தேதிகளுக்கு நடுவே தடுமாறினால் அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அலை அதிகமாக இருந்தால் டெண்டர் நிறுத்தம் ரத்தாகிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சரி, விலை. ஜனவரி முதல் மார்ச் வரை குரூஸ் நிறுவனங்கள் சலுகைகளைக் கொட்டும் காலம். ஆனால் மாதத்தை விட உங்கள் நிலைமைதான் முக்கியம். பள்ளி விடுமுறையில்தான் போக முடியும், ஒரே கேபினில் மூன்று நான்கு பேர் தங்க வேண்டும் என்றால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அத்தனை பேர் படுக்கிற கேபின்கள் கப்பலில் குறைவு, அவைதான் முதலில் தீரும். எந்தத் தேதியும் சரி, எந்த அறையும் சரி, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், விசா வேலையும் இல்லை என்றால் மட்டும் கடைசி நேரம் வரை காத்திருக்கலாம். முழுப் பணம் கட்டும் கெடு பெரும்பாலும் பயணத்துக்கு 75 முதல் 120 நாள் முன்னால் வரும். அந்தக் கெடு தாண்டியதும் விற்காத கேபின்கள் மலிவாக வெளியே வருவது உண்டு. விமான டிக்கெட்டும் விசாவும் எடுக்க வேண்டியவர்களுக்கு இது சரிப்படாது, கப்பலில் மிச்சம் பிடித்ததை விமானத்தில் விட்டுவிடுவீர்கள்.

சீக்கிரம் புக் செய்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கெடு வருவதற்குள் அதே கேபின் வகையின் விலை இறங்கினால், புது விலையைக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். பல நிறுவனங்கள் கொடுக்கும், ஆனால் நீங்கள் கேட்டால்தான். முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையா, கிடைக்காத வகையா என்று புக் செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் விலையில் வித்தியாசம் இருக்கும். ஏஜென்ட் மூலம் போவதில் தப்பில்லை. அவருக்குக் கமிஷன் கொடுப்பது கப்பல் நிறுவனம்தான், அதனால் உங்களுக்குக் கட்டணம் பெரும்பாலும் கூடாது. கப்பலில் செலவு செய்ய ஒரு தொகையையும் சிலர் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரே சங்கடம், அப்புறம் எந்த மாற்றம் என்றாலும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். போன் எடுக்காத ஏஜென்ட் என்றால் திண்டாட்டம்.

விளம்பர விலை தலைக்கு இவ்வளவு என்று இருக்கும், அதுவும் ஒரு கேபினில் இரண்டு பேர் என்ற கணக்கில். தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணத்தையே கட்ட வேண்டி வரலாம். தனி ஆட்களுக்கென்றே சின்னக் கேபின் வைத்த கப்பல்கள் இருக்கின்றன, 2010-இல் வந்த நார்வீஜியன் எபிக் அதில் பெயர் பெற்றது. விலைக்கு மேலே துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான டிப்ஸ் எல்லாம் வரலாம். பல கப்பல்களில் டிப்ஸ் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறிவிடும். மதுபானம், குளிர்பானம், வைஃபை, தனிக் கட்டண உணவகங்கள், கரையில் சுற்றிப் பார்ப்பது, துறைமுகம் வரை போகிற செலவு, முந்தின நாள் ஹோட்டல், இன்சூரன்ஸ், விசா. எல்லாவற்றையும் கூட்டி இரவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த கப்பல் பல சமயம் அங்கேயே பின்தங்கிவிடும். முன்பே ஒரு தொகை கட்டிவிட்டுப் பானங்களை எடுத்துக்கொள்கிற டிரிங்க்ஸ் பேக்கேஜ் பற்றி ஒன்று: ஒருவர் வாங்கினால் அதே கேபினில் இருக்கிற மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. உங்களில் ஒருவர் குடிக்காதவர் என்றால் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்குவதே லாபம்.

பால்கனி கேள்விக்கு என் பதில் பாதையைப் பொறுத்தது. நார்வேயின் ஃபியோர்டுகள் (செங்குத்து மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்), அலாஸ்காவின் பனியாறுகள் என்றால் யோசிக்காமல் எடுங்கள். அங்கே கப்பல் நகரும்போது தெரிவதுதான் காட்சி. தினமும் ஒரு துறைமுகம், காலையில் இறங்கி இரவில் வந்து படுப்பது என்கிற மத்தியதரைக்கடல் பயணத்துக்கு ஜன்னல் இல்லாத உள்கேபினே போதும். ஆனால் உள்கேபின் நிஜமாகவே கும்மிருட்டு, பகலா இரவா என்று தெரியாது. அடைத்த இடம் ஆகாதவர்கள் எடுக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் வகையை விட இடம் முக்கியம். கப்பலின் எந்தத் தளத்தில் எது இருக்கிறது என்று காட்டும் தளப் படத்தைத் திறந்து உங்கள் கேபினுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கேபின்களே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடிவதற்கு முன்பே நாற்காலி இழுக்கிற சத்தம், கீழே நடன அரங்கு இருந்தால் நள்ளிரவு வரை இசை. விலையைக் குறைத்து, 'அறை எண்ணை நாங்களே ஒதுக்குவோம்' என்று ஒரு வகை விற்பார்கள். தூக்கம் ஆழமாக வருகிறவர்களுக்கு அது சரியான பேரம். மற்றவர்கள் எண்ணைப் பார்த்து எடுங்கள். ஜன்னல் இருந்தும் உயிர்காப்புப் படகு மறைக்கிற அறைகள் உண்டு, அதையும் விவரத்தில் எழுதியிருப்பார்கள்.

கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதே தளப் படம்தான் உதவும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் மேல்தளங்களிலும் அதிகம். பெரிய கப்பல்களில் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கத் தண்ணீருக்கடியில் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் இருக்கின்றன, ஆனாலும் குளிர்கால வட அட்லாண்டிக்கில் எல்லாக் கப்பலும் ஆடும். மாத்திரையை வயிறு புரட்டத் தொடங்கிய பிறகு போட்டால் பெரிய பலன் இருக்காது, முன்கூட்டியே போட வேண்டும். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். தலை சுற்றினால் அறைக்குள் படுத்துக்கொள்வதை விட, வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது பலருக்கு உதவுகிறது. அப்புறம், அட்லாண்டிக்கில் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் கரீபியன் மலிவாகக் கிடைக்கக் காரணம் அதுதான். கப்பல் புயலுக்குள் போகாது, பாதையை மாற்றிவிடும். அப்படி மாற்றுவதற்குப் பயண ஒப்பந்தத்திலேயே நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது. தவறிப்போன துறைமுகத்துக்குப் பெரும்பாலும் துறைமுகக் கட்டணம்தான் திரும்பி வரும்.

விசாவைக் கப்பல் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள், அது முழுக்க உங்கள் பொறுப்பு. கப்பல் நிற்கிற ஒவ்வொரு நாட்டுக்கும் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள் அடங்கிய ஷெங்கன் பகுதியை விட்டு வெளியே போய்த் திரும்ப வரும் பாதை என்றால் ஒருமுறை நுழையும் விசா போதாது. அலாஸ்கா நல்ல உதாரணம். சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல், நடுவில் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பது வழக்கம். 1886-இல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கிற கப்பல் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொடாமல் இப்படிப் பயணிகளைக் கூட்டிப்போக முடியாது. அந்தச் சில மணி நேரத்துக்காகவே கனடா விசா கேட்கப்படலாம். தேவையான விசா இல்லாவிட்டால் ஏறவே விடமாட்டார்கள், பணமும் பெரும்பாலும் திரும்பாது. பாஸ்போர்ட்டில் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் பாக்கி இருக்கட்டும். கர்ப்பிணிகளுக்கு, பயணம் முடிவதற்குள் 24-வது வாரம் தொடங்கிவிடும் என்றால் பெரும்பாலான நிறுவனங்களில் அனுமதி இல்லை. கைக்குழந்தைக்குப் பொதுவாக ஆறு மாதம், பெருங்கடலைக் கடக்கும் பயணங்களில் ஒரு வயது ஆகியிருக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது மருத்துவச் செலவோடு, அவசரத்தில் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகிற செலவும் அடங்குமா என்று பாருங்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், கட்டணம் தனி, பெரிய சிகிச்சை எதுவும் அங்கே முடியாது. வயிற்றுப்போக்கு பரப்புகிற நோரோவைரஸுக்குக் கைகழுவும் ஜெல் அவ்வளவாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் சுகாதாரச் சோதனை செய்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது, 86-க்குக் கீழே தோல்வி. மதிப்பெண்கள் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன.

கப்பல் கிளம்பும் ஊருக்கு முந்தின நாளே போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கரையில் சுற்றிப் பார்ப்பதிலும் இதே நியாயம்தான்: கப்பல் நிறுவனமே நடத்துகிற சுற்றுலா தாமதமானால் கப்பல் நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு உங்களை அனுப்பிவைக்கும். சொந்தமாக டாக்ஸி பிடித்துப் போனால் மலிவு, ஆனால் தாமதமும் உங்கள் பாடு. நான் பார்ப்பது தூரத்தை. நடக்கிற தூரத்தில் ஊர் இருந்தால் சொந்தமாக, ரோம், பெர்லின் போல் தொலைவு என்றால் கப்பல் சுற்றுலாவில். கப்பலின் நேரமும் கரையின் நேரமும் வேறாக இருக்கலாம், கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஏறும் அன்று பெட்டிகள் அறைக்கு வரச் சாயங்காலம் கூட ஆகிவிடும். மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை, நீச்சலுடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அயர்ன் பாக்ஸ், கெட்டில், சர்ஜ் பாதுகாப்பு (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் அமைப்பு) உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு மூன்றையும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், தீ பயம்தான் காரணம். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நாலைந்து எடுத்துப் போனால் துணி மாட்ட வசதி. கப்பல் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். தினமும் ஒரு தொகையை முடக்கிவைப்பார்கள், அது விடுபடப் பல நாள் ஆகலாம். போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபை மட்டும் வையுங்கள். கடலில் கப்பலின் சொந்த செல் நெட்வொர்க் பிடித்துக்கொண்டால் வருகிற பில், சாதாரண ரோமிங் பில்லைப் போல் இருக்காது.

ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று கப்பலில் சொல்லித்தரும் பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற குரூஸ் கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவுக்கு அருகே பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். சில மணி நேரம் முன்பு சிவிடாவெக்கியாவில் ஏறியவர்களுக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. அதன் பிறகு சர்வதேச விதி மாறி, 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் வீடியோ பார்த்துவிட்டு, ஆபத்தில் எல்லோரும் ஒன்றுகூட வேண்டிய இடத்துக்கு ஒருமுறை நேரில் போய் வந்தால் போதும்.

கடைசி இரவு பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள், மறுநாள் போட்டுக்கொள்ளும் துணியையும் செருப்பையும் பூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கவும் விடுகிறார்கள், அவசரம் இருப்பவர்களுக்கு அது நல்லது. எப்படி இருந்தாலும் இறங்கும் நாளில் மதியத்துக்கு முன்னால் விமானம் போட வேண்டாம், 'ரோம்', 'வெனிஸ்' மாதிரி துறைமுகம் என்றால் சாயங்கால விமானமே பாருங்கள்.